சொல் விளக்கம்: நடப்பியல்

மொரிசியஸ் மாணவர்கள் பலருக்கு 'ரியலிசம்' பிரெஞ்சு இலக்கிய வகுப்பில் அறிமுகமாகிறது: வாழ்க்கையை உள்ளபடி காட்டும் நாவல் முறை. பன்னாட்டு உறவுகளில் அதன் பொருள் வேறு; அங்கே அதைத் தமிழில் நடப்பியல் என்கிறோம். நாடுகளைக் கட்டுப்படுத்த அவற்றுக்கு மேலே ஓர் அரசு இல்லை. தன் பாதுகாப்பை ஒவ்வொரு நாடும் தானே தேடிக்கொள்ள வேண்டும். அதற்கு வலிமையே அளவுகோல் என்பது இக்கோட்பாடு. 1948இல் பன்னாட்டு அரசியல் அறிஞர் ஹான்ஸ் மார்கெந்தாவ் இதற்கு மனித இயல்பைக் காரணம் காட்டினார். 1979இல் அதே துறை அறிஞர் கென்னத் வால்ட்ஸ், மேலே ஓர் அரசு இல்லாத உலக அமைப்பையே காரணமாக்கினார்.

லத்தீன் 'ரெஸ்' என்றால் பொருள். ரியலிசம் அதன் வழிவந்தது. ரியலிசத்துக்கு வழங்கும் யதார்த்தம் வடசொல்: யதா என்றால் உள்ளபடி, அர்த்தம் என்றால் பொருள். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் வருவதும் இதே அர்த்தம். வள்ளுவர் அரசியலைப் பேசுவதும் பொருட்பாலில்தான்.

ரியலிசத்தை மெய்ம்மையியல் என்றும் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மெய் என்றதும் வாய்மையும் அறமும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. நடப்பியலே பொருந்தும். ஆனால் நடப்பதற்குத் தலையாட்டுவது என்று அதைப் புரிந்துகொள்ளக் கூடாது.

"வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும்
துணைவலியும் தூக்கிச் செயல்"

'தூக்கி' என்றால் எடைபோட்டு. செயலின் கடினம், தன் பலம், எதிரியின் பலம், இருபுறமும் துணை நிற்பவர் பலம் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்த பிறகும் குறள் 'செயல்' என்றே முடிகிறது. சும்மா இரு என்று அது சொல்லவில்லை.

இந்தியப் பெருங்கடலிலுள்ள சாகோஸ் தீவுகளைப் பாருங்கள். விடுதலைக்கு மூன்று ஆண்டு முன்பு, 1965இல், பிரிட்டன் அவற்றை மொரிசியசிலிருந்து பிரித்தது. அவற்றில் பெரிய தீவான டியகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைய, அங்கே வாழ்ந்த மக்கள் 1973க்குள் வெளியேற்றப்பட்டார்கள். அந்த அநீதியை எந்தக் கோட்பாடும் நியாயப்படுத்தாது. அது ஏன் அத்தனை காலம் நீடித்தது என்பதை நடப்பியல் விளக்குகிறது. தன்வலி குறைந்த மொரிசியஸ் துணைவலியைத் தேடியது. 2019இல் சர்வதேச நீதிமன்றம் அப்பிரிவினையால் மொரிசியசின் காலனி நீக்கம் சட்டப்படி நிறைவேறவில்லை என்று கருத்துரைத்தது, ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் மொரிசியஸ் பக்கம் நின்றன, எதிர்த்தவை ஆறே. 2025 மே 22இல் கையெழுத்தான ஒப்பந்தம் இறையாண்மை மொரிசியசுக்கு என்றது. டியகோ கார்சியாவை 99 ஆண்டுகளுக்குப் பிரிட்டனிடமே விட்டது. சட்டம் வென்ற இடத்திலும் தளம் அசையவில்லை. இக்கோட்பாடு பழையதாகிவிட்டது என்பவர்கள் ஒப்பந்தத்தின் இந்த இரண்டாம் பகுதியைப் படிக்க வேண்டும்.

இலக்கியத்துக்கு யதார்த்தவாதம், பன்னாட்டு அரசியலுக்கு நடப்பியல், அவ்வழி சிந்திப்பவர் நடப்பியலாளர் என்று பிரித்து வழங்கினால் குழப்பம் நேராது.