குண்டு மிதக்கிறது, ஒட்சிசன் வருகிறதா?

வீட்டில் இருக்கும் ஒட்சிசன் மெசின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கேட்டால், பெரும்பாலானோர் முன்பக்கத்துக் குழாயில் மிதக்கும் சின்னக் குண்டைத்தான் காட்டுவார்கள். குண்டு 2இல் நிற்கிறது, மூக்குக் குழாயில் காற்று வருகிறது, எனவே எல்லாம் சரி என்பது கணக்கு. நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் போகிறது என்பது மட்டுந்தான் அந்தக் குண்டுக்குத் தெரியும். போவதில் எத்தனை வீதம் ஒட்சிசன் என்பது தெரியாது. வெறும் அறைக் காற்றை ஊதினாலும் அது அதே இடத்தில்தான் மிதக்கும்.

மெசின் ஒட்சிசனைப் புதிதாக உண்டாக்குவதில்லை. நாம் மூச்சிழுக்கும் காற்றில் 78 வீதம் நைதரசன், 21 வீதம் ஒட்சிசன். கொம்பிரசர் அந்தக் காற்றை அமுக்கி, சியோலைட் என்ற நுண்துளைக் கனிம மணிகள் நிரப்பிய இரண்டு உருளைகளுக்குள் மாறி மாறித் தள்ளும். அமுக்கத்தில் மணிகள் நைதரசனைப் பிடித்துக்கொள்ளும், ஒட்சிசன் தாண்டிப் போகும். சில விநாடிகளில் வால்வு திரும்ப, முதல் உருளை பிடித்து வைத்த நைதரசனைப் 'புஸ்' என்று வெளியே விடும். அந்தச் சத்தம் தாளம் தப்பாமல் வரவேண்டும். தப்பினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வால்வை. நல்ல நிலையில் உள்ள மெசின் 90 முதல் 96 வீதம் வரை தரும். 82க்குக் கீழே போனால் அலாரம் அடிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விவரக்குறிப்பு. ஒட்சிசன் சென்சரே இல்லாத மலிவு மெசின்களில் அந்த அலாரத்துக்கு வழியே இல்லை. '7 லீற்றர்' என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் சிலவற்றின் கையேட்டைப் பிரித்தால், 1 லீற்றரில் 90க்கு மேல், 7 லீற்றரில் 30 வீதம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வைத்தியர் எழுதிய லீற்றரில் எத்தனை வீதம்?

சியோலைட்டுக்கு நைதரசனை விடத் தண்ணீர் மேல் ஆசை அதிகம். கொழும்புக் காற்றில் அதற்குப் பஞ்சமே இல்லை. தினமும் ஓடும் மெசின் உள்ளே வரும் ஈரத்தின் பெரும்பகுதியை நைதரசனோடு சேர்த்து வெளியே தள்ளிவிடும். அலுமாரிக்குப் பின்னால் ஆறு மாதம் சும்மா கிடக்கும் மெசினில் ஈரம் மெல்ல ஊறி மணிகளைப் பிடித்துவிடும், பிறகு அங்கே நைதரசனுக்கு இடமில்லை. பாவிக்காவிட்டாலும் மாதம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட விடுங்கள். கையேடு வேறு இடைவெளி சொன்னால் அதன்படி.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் மெசின்களில் இன்னொரு சிக்கல். பின்பக்க லேபலில் '115 வோல்ட், 60 ஹேர்ட்ஸ்' என்று இருந்தால், ட்ரான்ஸ்போமர் ஒன்று வாங்கி மாட்டினால் போதும் என்று கடையில் சொல்வார்கள். ட்ரான்ஸ்போமர் வோல்ட்டை மாற்றும், ஹேர்ட்ஸை (மின் விநாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதை) மாற்றாது. நம்முடைய மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். சாதாரண ஏசி மோட்டர் 60க்குப் பதில் 50இல் ஓடினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், சூடு கூடும். கொம்பிரசர் தரும் அமுக்கம் குறைய, மணிகள் பிடிக்கும் நைதரசனும் குறையும். அப்போதும் குண்டு மிதந்துகொண்டுதான் இருக்கும்.

5 லீற்றர் மெசின் ஒன்று ஏறத்தாழ 350 வோட்ஸ் இழுக்கும். நீண்டகால ஒட்சிசன் சிகிச்சை என்றால் நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம். நாளுக்கு 5.25 அலகு, மாதத்துக்கு 157 அலகு. ஏற்கனவே 90 அலகு பாவிக்கும் வீடு 247க்குப் போய்விடும். 180ஐத் தாண்டும் அலகுகளுக்குத்தான் வீட்டுப் பட்டியலில் ஆகக் கூடிய விலை. அடுத்து நடப்பது ஊகிக்கக்கூடியதே: பகலில் மெசினை நிறுத்தி வைப்பார்கள். 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று கிளினிக் கொப்பியில் எழுதப்படுவதன் பின்னால் பல நேரம் ஒரு மின்கட்டணப் பட்டியல் இருக்கிறது. வசதி குறைந்த வீடுகளுக்காகச் சாதனம் வடிவமைக்க விரும்பும் இளம் பொறியியலாளர்கள் கைபேசிச் செயலியில் தொடங்காமல் இந்த 350இல் தொடங்கலாம். அதை 250 ஆக்கினால் மாதம் 45 அலகு மிஞ்சும்.

கரண்ட் போனால்? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. கணினிக்கு வாங்கிய யூபிஎஸ் இதற்கு உதவாது. அதிலுள்ள 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி 350 வோட்ஸுக்குக் காகிதத்தில் 14 நிமிடம், நடைமுறையில் அதிலும் குறைவு. மோட்டர் தொடங்கும்போது இழுக்கும் மின்னிலேயே பல யூபிஎஸ் விழுந்துவிடும். நம்பக்கூடியது சிலிண்டர்தான். கணக்கு எளிது: சிலிண்டரின் நீர்க் கொள்ளளவை அமுக்க அளவியில் உள்ள 'பார்' எண்ணால் பெருக்குங்கள். 10 லீற்றர் சிலிண்டர், 150 பார், கடைசி 20 பாரை விட்டுவிட்டால் 1,300 லீற்றர். நிமிடத்துக்கு 2 லீற்றர் என்றால் 650 நிமிடம், பதினொரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சிலிண்டரைச் சுவரோடு சங்கிலியால் கட்டுங்கள், வால்வில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது.

கொழும்பின் கிராண்ட்பாஸ், மட்டக்குளித் தோட்டக் குடியிருப்புகளில் படுக்கை, அடுப்பு, சாமித்தட்டு மூன்றும் ஒரே அறையில் இருக்கும். நுளம்புத்திரி, சாம்பிராணி, பொரிக்கும் எண்ணெய்ப் புகை எல்லாம் நேராகப் பில்டருக்குள். வெளிப் பஞ்சுப் பில்டரை வாரம் ஒருமுறை சவர்க்காரத் தண்ணீரில் அலசி, நன்றாக உலர்ந்த பிறகே திரும்பப் போடுங்கள். ஈரமாகப் போடுவது அழுக்காக விடுவதை விட மோசம். உள் பில்டரைக் கழுவக்கூடாது, மாற்றவேண்டும். மெசினைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைக்காவிட்டால் சூடேறி நின்றுவிடும். மல்டி பிளக்கில் மாட்டாமல் சுவர்ப் பிளக்கில் நேராக மாட்டுங்கள். விளக்கு, கற்பூரம், அடுப்பு, சிகரெட் எதுவும் 3 மீற்றருக்குள் வேண்டாம். ஒட்சிசன் தானாக எரியாது, ஆனால் அது ஊறிய போர்வையில் ஒரு பொறி போதும்.

'காற்றே வரவில்லை' என்ற முறைப்பாட்டில் முதலில் பார்க்க வேண்டியது, ஒட்சிசனை ஈரமாக்கும் தண்ணீர்ப் போத்தலின் மூடி. புரி மாறி இறுகியிருந்தால் எல்லாம் அங்கேயே கசியும். மூக்குக் குழாயை மடித்துப் பிடியுங்கள்: குண்டு கீழே இறங்கினால் கசிவில்லை. இறங்காவிட்டால் மூடியைக் கழற்றித் திரும்பப் பூட்டுங்கள். போத்தலுக்குக் கொதித்தாறிய நீர், தினமும் புதிதாக.

இரத்தத்தில் உள்ள ஒட்சிசன் வீதத்தைக் காட்டும் விரல் மீற்றரில் 91ஐக் கண்டு பயந்து குண்டை 5க்கு ஏற்றுபவர்கள் உண்டு. நாள்பட்ட சுவாச அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு இலக்கே 88 முதல் 92 வரைதான். கூடுதல் ஒட்சிசன் சிலரில் காபனீரொட்சைட்டைத் தேங்க வைத்து மயக்கத்தில் தள்ளும். வைத்தியர் எழுதிய லீற்றரைத் தாண்டாதீர்கள். நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் அந்த மீற்றரை ஏமாற்றும், கறுத்த தோலில் உண்மையான அளவை விடக் கூடுதலாகவும் காட்டலாம். ஆள் குழம்பிப் பேசினால், உதடு நீலித்தால் மீற்றரைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

பாட்டாவுக்கு வாங்கிய மெசின் அவருக்குப் பிறகு கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ அயலவருக்கோ போகும். நல்ல பழக்கம். கொடுக்கும் முன் ஒட்சிசன் வீதத்தை அளக்கும் அனலைசர் உள்ள ஒருவரிடம் காட்டுங்கள். 15 நிமிடம் ஓடவிட்டு, 2 லீற்றரிலும் 5 லீற்றரிலும் அளக்கவேண்டும். பிறகு ஒரு துண்டு டேப்பை மெசினின் தலையில் ஒட்டி எழுதுங்கள்: திகதி, மெசின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீற்றரில் உள்ள எண், 2இல் எத்தனை வீதம், 5இல் எத்தனை வீதம். மூக்குக் குழாயும் தண்ணீர்ப் போத்தலும் கூடப் போகக்கூடாது, அவை புதிதாக வாங்க வேண்டியவை.