நூல் சொல்லும் தூரம், காற்று சொல்லும் நேரம்

ஓர் உலக உருண்டையையும் கொஞ்சம் நூலையும் எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க், மாட்ரிட் இரண்டுமே 40 டிகிரி வட அட்சரேகையை ஒட்டி இருக்கின்றன. தட்டையான வரைபடத்தில் பார்த்தால், நேர் கிழக்காகப் போவதே குறுக்குவழி என்று தோன்றும். உருண்டையில் நூலின் ஒரு முனையை நியூயார்க்கில் அழுத்திப் பிடித்து, மறுமுனையை மாட்ரிட் வரை விறைப்பாக இழுங்கள். நூல் தானாகவே வடக்கே நழுவி வளையும். அட்சரேகை வழியே சென்றால் 5,900 கிலோமீட்டருக்கு மேல். நூலின் வழியே சுமார் 5,760தான்.

இந்த வளைவுக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பூமியை அதன் மையம் வழியாக இரண்டாக வெட்டினால் கிடைக்கும் வட்டத்தின் ஒரு துண்டு அது. விமான நிலையங்களுக்கு இடையே இத்தனை கிலோமீட்டர் என்று போடப்படும் எண் பெரும்பாலும் இந்த வில்லின் நீளம்தான். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். ஆகவே எந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே இந்தத் தூரம் ஏறத்தாழ 20,000ஐத் தாண்டாது.

தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்து, ஏறி இறங்க அரைமணி சேர்த்தால் பயண நேரம் கிடைத்துவிடும் என்பார்கள். அது பாதிக் கணக்கு. 900 என்பது காற்றுக்குள் விமானத்தின் வேகம். அந்தக் காற்றோ சும்மா நிற்பதில்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. 2020 பிப்ரவரியில் அதன் முதுகில் ஏறிய ஒரு போயிங் 747, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரையை வைத்து அளந்தால் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆனாலும் அது ஒலியின் வேகத்தை மிஞ்சவில்லை. சுற்றியிருந்த காற்றுக்குள் வழக்கம்போலத்தான் பறந்தது.

போகும்போது மிச்சம், வரும்போது நஷ்டம், இரண்டும் சரிக்கட்டிவிடும் அல்லவா? கட்டாது. 5,400 கிலோமீட்டர் தூரம் என்று வையுங்கள். காற்றில்லாவிட்டால் போக 6, வர 6, மொத்தம் 12 மணி நேரம். மணிக்கு 150 கிலோமீட்டர் காற்று வீசினால், அதனுடன் போக 5 மணி 9 நிமிடம், எதிர்த்து வர 7 மணி 12 நிமிடம். மொத்தத்தில் 21 நிமிடம் கூடிவிட்டது. காற்று உதவும் வேளை சீக்கிரம் முடிந்துவிடுகிறது, தடுக்கும் வேளை நீள்கிறது.

அதனால் விமானங்கள் சில நேரம் நூலையே மறந்துவிடுகின்றன. சிங்கப்பூருக்கும் நியூயார்க்கை ஒட்டிய நெவார்க்குக்கும் பெருவட்டத் தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். 2018இல் இடைநிற்காத சேவை மீண்டும் தொடங்கியபோது அறிவிக்கப்பட்ட பயணத் தூரம் சுமார் 16,700. பின்காற்று கிடைக்கும் என்றால் ஆயிரம் கிலோமீட்டர் சுற்றுவதும் லாபமே. சிங்கப்பூரிலிருந்து நெவார்க் செல்லும் விமானம் பெரும்பாலும் பசிபிக்கைக் கடக்கிறது. திரும்பும் விமானமோ பல நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வருகிறது. போவதும் கிழக்கே, வருவதும் கிழக்கே. போய்த் திரும்பிய பயணி உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றியிருப்பார்.