கிழிந்தது எந்த நார்?

2024 பிப்ரவரியில் முகமது ஷமிக்கு லண்டனில் அறுவை சிகிச்சை நடந்தது. குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் டெண்டனில் பிரச்சினை. அன்று நான் பார்த்த தமிழ்ச் செய்தியில் 'தசைநார் காயம்' என்றார்கள். சரி. அதற்கு ஓராண்டுக்கு முன்னால், 2022 டிசம்பர் 30 அன்று கார் விபத்தில் சிக்கிய ரிஷப் பந்துக்கு வலது முழங்காலில் லிகமென்ட் கிழிந்து மும்பையில் அறுவை சிகிச்சை செய்தபோதும் இதே 'தசைநார்'தான். ஒருவருக்கு டெண்டன், இன்னொருவருக்கு லிகமென்ட்; தமிழில் கேட்டவனுக்கு இரண்டு பேருக்கும் ஒரே பொருள் அறுந்த மாதிரி. இப்போது கபடியில் விழுந்தாலும் தசைநார், கால்பந்தில் திரும்பினாலும் தசைநார். போன வாரம் மறுபடி கேட்டேன், பொறுமை போய்விட்டது.

சொற்பிறப்பை முதலில் சுருக்கமாக முடித்துவிடலாம், அதில் சண்டை இல்லை. லத்தீனில் 'லிகாரே' என்றால் கட்டுதல், பிணைத்தல். அதிலிருந்து 'லிகமென்டும்', கட்டும் பொருள். எலும்பையும் எலும்பையும் மூட்டில் சேர்த்துப் பிடித்திருக்கும் பட்டைக்கு அந்தப் பெயர் வந்தது. டெண்டன் வேறு குடும்பம், இழுத்து நீட்டுவதைக் குறிக்கும் 'டெண்டரே' என்ற வினையோடு சேர்ந்தது. தசை சுருங்கும்போது அந்த இழுப்பை எலும்புக்குக் கொண்டுபோவது டெண்டன். ஒன்று இழுக்கிறது, ஒன்று பிடிக்கிறது. பெயரிலேயே வேலை எழுதியிருக்கிறது.

இப்போது தசைநார். இந்தச் சொல்லுக்கு எத்தனை சொந்தக்காரர்கள் என்று எண்ணிப் பாருங்கள். தசைக்குள் இழை இழையாக இருப்பதையும் தசைநார் என்று எழுதுகிறோம். டெண்டனும் தசைநார். லிகமென்ட்டும் தசைநார். இது போதாது என்று, குழந்தைகளுக்கு மரபுவழியாக வரும் அந்தக் கொடுமையான நோயையும் 'தசைநார் சிதைவு' என்கிறோம். அதில் சிதைவது தசைதான். லிகமென்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த நோயுள்ள ஒரு பிள்ளையின் அப்பா, விளையாட்டுப் பக்கத்தில் 'தசைநார் பாதிப்பிலிருந்து மீண்டு களத்துக்குத் திரும்பினார்' என்று படித்தால் அவர் மனதில் என்ன ஓடும்? மொழிபெயர்ப்பாளர் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்த ஆசையைக் காட்டி மோசம் செய்திருக்க மாட்டார்.

இதற்குப் பதில் வைத்திருப்பவர்கள் உண்டு. டெண்டனுக்குத் தசைநாண், லிகமென்ட்டுக்குத் தசைநார், ஆக இரண்டு சொல் இருக்கிறதே, அப்புறம் என்ன என்பார்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். தசைநாண் அருமையான சொல், அதற்கு வருகிறேன். ஆனால் லிகமென்ட்டுக்கு முன்னால் 'தசை' ஏன் வந்து உட்கார்ந்திருக்கிறது? முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற லிகமென்ட்டை எடுத்துக்கொள்வோம். மேல்முனை தொடை எலும்பில், கீழ்முனை கணுக்கால் பக்கமாக இறங்கும் பெரிய கீழ்க்கால் எலும்பின் தலையில். இடையில் தசை என்று ஒன்று கிடையாது. தசையைத் தொடாத பொருளுக்குத் தசைநார் என்று பெயர் வைத்துவிட்டு, தசையைத் தொடும் பொருளுக்கு ஒரே ஒரு எழுத்து மாற்றித் தசைநாண் என்று வைத்தால், அச்சுப்பிழைக்கும் அறுவை சிகிச்சைக்கும் நடுவில் ஒரு மெய்யெழுத்துதான் இருக்கிறது. வேகமாகப் பேசினால் அதுவும் இல்லை.

குழப்பம் எங்கே உச்சத்துக்குப் போகிறது என்றால், ஏசிஎல் அறுவை சிகிச்சையை விளக்கும்போது. அறுந்த ஏசிஎல்லைப் பெரும்பாலும் அப்படியே தைத்து ஒட்டுவதில்லை. மூட்டுக்குள் வழவழப்புத் திரவம் இருப்பதால் அறுந்த முனைகளுக்கு நடுவே ரத்தம் உறைந்து பாலம் போட முடியாது, தானாகச் சேர்வது கடினம். அதனால் தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு டெண்டனை எடுத்து, எலும்பில் துளை போட்டு, அறுந்த லிகமென்ட் இருந்த இடத்தில் வைக்கிறார்கள். இதைத் தமிழில் ஒரு குறிப்பேட்டில் படித்தேன்: 'கிழிந்த தசைநாருக்குப் பதிலாக நோயாளியின் தசைநாரை எடுத்துப் புதிய தசைநார் உருவாக்கப்படும்.' படித்தவர் கையெழுத்துப் போட வேண்டிய தாள் அது. எந்தத் தசைநாரை எடுத்து எந்தத் தசைநாரில் வைப்பார்கள் என்று கேட்டால் நியாயமான கேள்வி. கிழிந்ததையே எடுத்துத் திருப்பி வைக்கிறார்கள் என்றுகூடப் புரிந்துகொள்ளலாம்.

இன்னும் சுவையான விஷயம் ஒன்று உண்டு. 1986இல் டேவிட் அமியல் குழுவினர் முயல்களில் செய்த ஆய்வில், அப்படி வைத்த டெண்டன் மாதங்கள் போகப்போகத் தன் இயல்பை மாற்றிக்கொண்டு லிகமென்ட்டைப் போல ஆவதைக் காட்டினார்கள். இடம் மாறியதும் வேலை மாறி, வேலை மாறியதும் உடம்பே மாறுகிறது. வாக்கப்பட்ட வீட்டுக்கு ஏற்ப மாறுகிற மாதிரி. அந்த மாற்றத்துக்கு ஆங்கிலத்தில் 'லிகமென்டைசேஷன்' என்று பெயர். தசைநார்க்காரர்கள் இதை எப்படி எழுதுவார்கள்? தசைநார் தசைநாராக மாறுகிறது என்றா?

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலக்காரர்களும் இதில் சுத்தம் இல்லை. முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் பட்டையை அறுவை மருத்துவர்கள் டெண்டன் என்கிறார்கள், உடற்கூற்றியல் பெயர்ப்பட்டியலோ லிகமென்ட் என்கிறது, ஏனென்றால் அது எலும்பிலிருந்து எலும்புக்குப் போகிறது. தொடைத் தசையின் இழுப்பையும் அதுதான் கடத்துகிறது. இரண்டு கட்சிக்கும் காரணம் இருக்கிறது. ஆனால் ஒரு எல்லைத் தகராறு இருக்கிறது என்பதற்காக ஊர் முழுக்க ஒரே பட்டாவில் எழுத வேண்டியதில்லை.

நாணுக்கு வருகிறேன். வில்லின் நாண் நமக்குத் தெரியும். இழுத்துக் கட்டியிருப்பது, விசையைக் கடத்துவது. குறளில் நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறள், 1020: 'நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை நாணால் உயிர்மருட்டி யற்று.' வெட்கம் என்ற நாணையும் கயிறு என்ற நாணையும் வைத்து வள்ளுவர் விளையாடுகிறார். அதை விட்டுவிட்டு இரண்டாவது நாணை மட்டும் பாருங்கள்: மரப்பாவையின் கையையும் காலையும் அசைக்கும் கயிறு. எங்கோ இருக்கும் விரல் இழுக்க, நாண் கடத்த, மூட்டு மடங்குகிறது. முன்கையில் தசை, விரலில் அசைவு, நடுவே நாண். டெண்டனுக்கு இதைவிட நல்ல பெயர் எந்த மொழியில் இருக்கிறது? 1693இல் பிலிப் வெர்ஹெயன் என்ற உடற்கூற்று அறிஞர் குதிகால் டெண்டனைப் பற்றி எழுதும்போது அதை 'அக்கிலிஸின் கயிறு' என்றுதான் குறிப்பிட்டார். அவருக்கும் கயிறு என்றுதான் தோன்றியிருக்கிறது. நாம் குதிநாண் என்று சொல்லிவிட்டுப் போகலாம். கிரேக்க வீரனைக் கூட்டி வரத் தேவையில்லை.

பழந்தமிழில் இதற்கெல்லாம் 'நரம்பு' என்ற சொல்லும் இருந்தது, யாழில் கட்டியிருந்ததும் நரம்புதான். கிரேக்கத்தில் 'நியூரான்' என்ற சொல்லுக்கும் முதலில் நாண், தசைக்கயிறு என்றுதான் பொருள், பிறகுதான் உணர்ச்சி கடத்துவதற்குப் போனது. நம் ஊரிலும் அதே பயணம். அதனால் நரம்பை இனித் திரும்ப அழைக்க முடியாது, ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது.

தசைநாராவது எழுத்தில் படுத்துகிறது. பேச்சில் படுத்துவது 'ஜவ்வு'. என் சித்தி பையன் பூப்பந்து ஆடும்போது காலை ஊன்றித் திரும்பினான், உள்ளே 'டப்' என்று சத்தம், உட்கார்ந்துவிட்டான். மாலைக்குள் முட்டி பலாப்பழம் மாதிரி வீங்கிவிட்டது. பார்த்த மருத்துவர் ஒருவர் சொன்னது மூன்றே வார்த்தை: 'ஜவ்வு கிழிஞ்சிருக்கு, பாத்துக்கலாம்.' சித்தி நிம்மதியாகிவிட்டார். ஜவ்வுதானே, எலும்பு இல்லையே, தானா சேர்ந்துவிடும். கட்டுப் போடுகிறவரிடம் போய் எண்ணெய்க் கட்டுப் போட்டு, ஆறு வாரம் கழித்து வலி குறைந்ததும் பையன் மறுபடி களத்தில் இறங்கி, முட்டி நழுவி மறுபடி விழுந்தான். அப்புறம் எடுத்த எம்ஆர்ஐயில் ஏசிஎல் முழுதாக அறுந்திருந்தது, கூடவே மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸும் கிழிந்திருந்தது. மருத்துவரைக் கேட்டால் நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்பார். சொன்னார்தான். ஆனால் எந்த ஜவ்வு?

ஏனென்றால் முட்டியில் ஏசிஎல்லும் ஜவ்வு, பக்கவாட்டில் இருக்கும் லிகமென்ட்டும் ஜவ்வு, மெனிஸ்கஸும் ஜவ்வு, எலும்பு முனையில் பூசினாற்போல் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்தால் அதுவும் 'ஜவ்வு தேய்மானம்'. இவை நான்கும் நான்கு விதமாக ஆறுகின்றன. உள்பக்க லிகமென்ட் பெரும்பாலும் அறுவை இல்லாமலே, பட்டி போட்டுக் காத்திருந்தால் சேர்ந்துவிடும். ஏசிஎல் அப்படி இல்லை. குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டமே கிடையாது. தோளுக்குப் போனால் அங்கே கிழிவது பெரும்பாலும் நாண், அதையும் ஜவ்வு என்கிறார்கள். முதுகுக்குப் போனால் எலும்புகளுக்கு நடுவே வட்டாக இருக்கும் டிஸ்க்கும் ஜவ்வு, 'ஜவ்வு விலகிடுச்சு'. விலகுவதும் இல்லை, நழுவுவதும் இல்லை. 1934இல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் எழுதிக் காட்டியதிலிருந்து தெரிந்த விஷயம்தான்: வட்டின் வெளிவளையம் கிழிந்து உள்ளிருக்கும் கூழ்ப்பகுதி பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. வட்டுப் பிதுக்கம் என்று சொன்னால் எந்தப் பாட்டிக்கும் புரியும்.

சவ்வு என்றால் மெல்லிய படலம். ஜவ்வு மிட்டாய் என்றால் இழுத்தால் நீளும். லிகமென்ட் படலமும் இல்லை, ஜவ்வு மாதிரி நீளவும் செய்யாது, கொலாஜன் இழைகளை முறுக்கிய கெட்டியான பட்டை. முதுகெலும்பில் உள்ள மஞ்சள் லிகமென்ட் போன்ற சிலவே நீள்மை கூடியவை, அவை விதிவிலக்கு. மெனிஸ்கஸோ கிரேக்கத்தில் 'குட்டி நிலா'. நமக்குப் பிறை இருக்கிறது, பிறைக்குருத்து என்று சொல்லலாம். வடிவமும் அதேதான். வானத்தில் பிறையைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த மொழிக்கு ஜவ்வு என்று சொல்லத்தான் தோன்றியிருக்கிறது.

சரி, லிகமென்ட்டுக்கு என்ன? ஒரு நண்பர் 'இணையம்' என்றார். முழங்கால் இணையம் துண்டிக்கப்பட்டது என்று எழுதினால் ரீசார்ஜ் செய்யச் சொல்வார்கள். 'பந்தகம்' என்றார் இன்னொருவர், அது அடகுக் கடையில் வைத்த நகை மாதிரி இருக்கிறது. என் ஓட்டு 'பிணைநார்'. லிகாரே என்ற வினையின் பொருள் அப்படியே இருக்கிறது, தசை இல்லை. நாரை நான் வெறுக்கவில்லை. பூக்கட்டும் வாழைநாரின் வேலையே பிணைப்பதுதான், ஆகவே அந்தப் பாதியை வைத்துக்கொள்ளலாம். ஏசிஎல்லைச் 'சிலுவைத் தசைநார்' என்று எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: லத்தீன் சொல்லில் சிலுவை இருப்பது உண்மை, ஆனால் முழங்காலுக்குள் இருப்பது பெருக்கல் குறி போலக் குறுக்கிட்டுச் செல்லும் இரண்டு பட்டை. முன் குறுக்குப் பிணைநார், பின் குறுக்குப் பிணைநார் என்றால் படமே கிடைக்கிறது. தோளின் 'ரோட்டேட்டர் கஃப்'பைச் 'சுழலி சுற்றுப்பட்டை' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். மோட்டார் பம்ப் உதிரிபாகம் என்று நினைத்தேன். அது நான்கு தசைகளின் நாண்கள் சேர்ந்து மேற்கை எலும்பின் தலையைச் சட்டைக் கை முனை போலச் சுற்றியிருப்பது. தோள்நாண் உறை என்றால் குறைந்தபட்சம் உடம்பில் இருப்பது என்றாவது தெரியும்.

பிணைநார் பிடிக்காதவர்கள் லிகமென்ட் என்றே எழுதுங்கள், எனக்கு வருத்தம் இல்லை. தமிழாக இருந்து தவறாக இருப்பதைவிட ஆங்கிலமாக இருந்து சரியாக இருப்பது மேல். தனித்தமிழ் அன்பர்கள் கோபிக்கலாம், கோபிக்கட்டும்.

பெயர் இல்லாவிட்டால் பொருளே காணாமல் போகும் என்பதற்கு ஒரு கதை. 1879இல் பாரிஸில் பால் செகாண்ட் என்ற அறுவை மருத்துவர் முழங்காலின் முன்வெளிப் பக்கத்தில் முத்துப்போல் மினுங்கும் உறுதியான ஒரு நார்ப்பட்டையைக் குறித்து வைத்தார். பெயர் வைக்கவில்லை. 2013இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் ஸ்டீவன் கிளாஸ் குழுவினர் 41 முழங்கால்களை அறுத்துப் பார்த்து, ஒன்றைத் தவிர அத்தனையிலும் அது இருப்பதைக் காட்டிப் பெயரோடு வெளியிட்டதும், உடம்பில் புதிய உறுப்பு கண்டுபிடிப்பு என்று உலகம் முழுக்கச் செய்தி. அக்கிலிஸின் கயிற்றை எழுதிவைத்த வெர்ஹெயனும் அதே லூவன் பல்கலைக்கழகத்துக்காரர்தான்.

சித்தி பையனுக்குப் பின்னர் அறுவை நடந்தது, இப்போது நன்றாகவே இருக்கிறான். மருத்துவமனையில் சித்தியை உட்காரவைத்து நான் பிணைநார், நாண் என்று தாளில் படம் போட்டு விளக்கினேன். இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அக்காவிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "முட்டிக்குள்ள கட்டுநார் ஒண்ணு இருக்காம்க்கா, அது அந்துபோச்சு. தொடைல இருந்து ஒரு நாணை உருவி அந்த எடத்துல கட்டியிருக்காங்க." நான் சொன்னது பிணைநார். அவர் வாயில் கட்டுநார் ஆகிவிட்டது. திருத்தப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.