மரத்தோடு கப்பலேறும் தண்ணீர்

நீளம் 2 மீட்டர், அகலம் 2 மீட்டர், உயரம் 2.1 மீட்டர். மூன்று பேர் வசதியாக உட்காரக்கூடிய ஒரு சிறிய சவுனாவை எடுத்துக்கொள்வோம். சவுனா என்பது மரத்தால் ஆன வெப்பக் குளியல் அறை. மூலையில் ஓர் அடுப்பு, அதன் மேல் கற்கள், சுற்றிலும் மர இருக்கைகள். காற்று 70 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். கல்லின் மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினால் குபுக்கென்று ஆவி எழும். அந்த ஆவிக்கு ஃபின்லாந்துக்காரர்கள் 'லோய்லு' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். சுமார் 55 லட்சம் பேர் வாழும் அந்த நாட்டில் சவுனாக்கள் மட்டும் 30 லட்சம் இருக்கும் என்று சொல்வார்கள். 2020இல் யுனெஸ்கோ அந்தக் குளியல் மரபைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இன்று ஃபின்லாந்திலும் எஸ்டோனியாவிலும் தொழிற்சாலைகளில் இந்த அறைகளைச் செய்து கடல் கடந்து அனுப்புகிறார்கள். ஒரு மர அறையைக் கப்பலில் ஏற்றுவதில் என்ன அறிவியல் இருக்கிறது என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கணக்குப் போட ஆரம்பித்த பிறகுதான் இதில் மரத்தைவிடத் தண்ணீர்தான் முக்கியம் என்று புரிந்தது.

முதலில் காற்றின் கணக்கு. நம் சவுனா அடைத்துக்கொள்ளும் இடம் 8.4 கன மீட்டர். சுவர், கூரை, தரை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 25 சதுர மீட்டர். பலகையின் கனம் 45 மி.மீ. என்றால் மொத்த மரம் 1.1 கன மீட்டர்தான். மீதி ஏழு கன மீட்டருக்கு மேல் வெறும் காற்று. 40 அடி நீளமுள்ள உயரமான கன்டெய்னரின் உள்ளளவு சுமார் 12 மீட்டர் நீளம், 2.35 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம். ஆனால் கதவு வழி உள்ளே போகும் உயரம் 2.58 மீட்டர்தான். பூட்டி முடித்த சவுனாக்களை உள்ளே தள்ளினால், அசையாமல் கட்டிவைக்க இடம் விட்டது போக ஐந்து நிற்கும். அதையே கழற்றி, சுவர்களைத் தட்டையாக அடுக்கி, 2.2 மீட்டர் நீளமும் 1.1 மீட்டர் அகலமும் 0.9 மீட்டர் உயரமும் உள்ள கட்டாகக் கட்டினால், நீளவாட்டில் ஐந்து, அகலத்தில் இரண்டு, மேலும் கீழுமாக இரண்டு என்று இருபது சவுனாக்கள் அதே பெட்டியில் அடங்கிவிடும். எடையும் இடிக்காது: இருபது கட்டுகளும் சேர்ந்து 14 டன் அளவுக்குத்தான் வரும், பெட்டியோ 26 டன் தாங்கும்.

முழுக் கன்டெய்னர் எடுக்காமல் மற்றவர் சரக்கோடு சேர்த்து அனுப்பினால், ஒரு கன மீட்டர் அல்லது ஒரு டன், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் வாடகை. ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம் ஒரு கன மீட்டருக்கு 450 கிலோவுக்குள்தான் இருக்கும். அதனால் மரச் சரக்குக்கு எப்போதும் கன அளவில்தான் கட்டணம் விழும். காற்றைக் குறைப்பது பொறியாளரின் முதல் வேலையாக இருப்பது இதனால்தான்.

இப்படித் தட்டையாக அனுப்பும் வித்தை கன்டெய்னரைவிடப் பழையது. 1940இல் ஃபின்லாந்தின் மரத் தொழிற்சாலைகள் சேர்ந்து 'பூதாலோ' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பகுதி பகுதியாகச் செய்த மர வீடுகளைப் பல நாடுகளுக்கு அனுப்பின. போரில் தரைமட்டமான வார்சா நகருக்கு 1945இல் போய்ச் சேர்ந்த ஃபின்லாந்து மர வீடுகளில் சில, அங்குள்ள யாஸ்தூஃப் குடியிருப்பில் இன்றும் நிற்கின்றன. கன்டெய்னர் கப்பல் வந்தது அதற்கும் பதினொரு ஆண்டுகள் கழித்து: 1956 ஏப்ரலில் அமெரிக்கத் தொழிலதிபர் மால்கம் மெக்லீன் 58 பெட்டிகளை நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு ஒரே கப்பலில் அனுப்பினார்.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

வெட்டிய மரத்தில் தண்ணீர் இரண்டு விதமாக இருக்கிறது. செல்களின் உள்ளறையில் தேங்கி நிற்பது ஒன்று; செல் சுவரின் இழைகளோடு ஒட்டிக்கொண்டிருப்பது இன்னொன்று. உலரும்போது முதலில் தேங்கிய தண்ணீர் போகும். அதுவரை மரத்தின் அளவு மாறுவதே இல்லை. ஈரம் முற்றிலும் உலர்ந்த மரத்தின் எடையில் 28-30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகு ஒட்டியிருக்கும் தண்ணீர் கழலத் தொடங்கும். அப்போதுதான் மரம் சுருங்கும். அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரிச் சுருங்காது. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் அதிகம். நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் அதில் பாதி. நீளவாட்டில் கிட்டத்தட்ட இல்லை. பலகை கோணிக்கொள்வது இந்த ஏற்றத்தாழ்வால்தான்.

மரம் தானாகவே சுற்றியுள்ள காற்றோடு ஒரு சமநிலைக்கு வரும். 20 டிகிரியில் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் இருந்தால் மரத்தில் 12 சதவீதம் தண்ணீர் தங்கும். காற்று 80 சதவீதத்தைத் தாண்டினால் 16க்கு மேல் ஏறும். 30 சதவீதமாக உலர்ந்திருந்தால் 6க்கு இறங்கும். ஓர் ஊரில் செய்து இன்னோர் ஊரில் நிறுத்தும் சவுனா இந்த எண்களுக்கு இடையில்தான் பயணம் செய்கிறது. 15 சதவீத ஈரத்தில் புறப்பட்ட பலகை 6 சதவீதத்துக்கு வந்தால் அகலத்தில் ஏறக்குறைய 2.25 சதவீதம் சுருங்கும். 120 மி.மீ. பலகைக்கு 2.7 மி.மீ. கேட்கச் சின்னது. ஆனால் கிடைமட்டமாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய 2.1 மீட்டர் சுவரில் அது நாலரை செ.மீ.க்கும் மேல்! கதவுச் சட்டம் செங்குத்து மரத்தால் ஆனது. அது நீளவாட்டில் சுருங்காது. சுவர் மட்டும் இறங்கினால் கூரையின் எடை முழுவதும் கதவுச் சட்டத்தின் மேல் உட்காரும், கதவு திறக்காது. அதற்காகத்தான் சட்டத்துக்கு மேலே வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டு, அதை மெல்லிய பலகையால் மறைக்கிறார்கள். சுவரோடு இணைக்கும் திருகுகளுக்கு வட்டத் துளைக்குப் பதில் நீள்துளை போடுகிறார்கள். பலகையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு, அடுத்த பலகையின் காடிப் பள்ளத்துக்குள் முழுதாக முட்டாமல் கொஞ்சம் நகர இடம் இருக்கும். பீப்பாய் வடிவச் சவுனா இன்னும் அழகான தீர்வு: பலகைகளை எஃகுப் பட்டை சுற்றிப் பிடிக்கிறது, மரம் சுருங்கினால் பட்டையின் திருகை முறுக்கிக்கொண்டால் போதும்.

மரத்தின் இந்தத் தாகத்தையே குறைக்க முடியுமா? 1990களில் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் ஒரு வழியை வளர்த்தெடுத்தார்கள். ஆக்சிஜன் இல்லாத நீராவிச் சூழலில் மரத்தை 190 அல்லது 212 டிகிரி வரை சூடாக்கினால், செல் சுவரில் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும் ஹெமிசெல்லுலோஸ் சிதைந்துவிடுகிறது. அந்த மரம் அதன் பிறகு காற்றிலிருந்து வாங்கும் ஈரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். பைன் மரத்தின் பிசினும் வெளியேறிவிடும். ஆனால் மரம் கொஞ்சம் நொறுங்கும் தன்மை பெறுகிறது. கட்டுகளை ஏற்றி இறக்கும்போது ஓரங்கள் தெறிக்கும். நல்ல பொருள்தான், மூலைகளுக்கு அட்டைக் காப்பு வைக்காமல் அனுப்பினால் அதன் அருமை பாதி வழியிலேயே போய்விடும்.

இப்போது கன்டெய்னரின் உள்ளே போவோம். நம் இருபது சவுனாக்களில் உள்ள மரம் 22 கன மீட்டர். முற்றிலும் உலர்ந்த எடையாகப் பார்த்தால் சுமார் 8,800 கிலோ. 15 சதவீத ஈரம் என்றால் அதில் 1,320 கிலோ தண்ணீர் ஒளிந்திருக்கிறது. பெட்டியில் மிச்சமுள்ள 50 கன மீட்டர் காற்று, 30 டிகிரியில் முழுதாக நிறைந்தாலும் ஒன்றரைக் கிலோ ஆவியைத்தான் தாங்கும். ஆயிரத்து முன்னூறு எங்கே, ஒன்றரை எங்கே!

பால்டிக் துறைமுகத்திலிருந்து பெட்டி சிறிய கப்பலில் கிளம்பி, ஹாம்பர்க் அல்லது ராட்டர்டாம் போன்ற பெரிய துறைமுகத்தில் மாற்றி ஏற்றப்படுகிறது. ஆஸ்திரேலியா என்றால் நிலநடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். மேல்தளத்தில் இருக்கும் எஃகுப் பெட்டி பகல் வெயிலில் 50 டிகிரியைத் தாண்டும். மேலடுக்கு மரம் சூடாகித் தண்ணீரைக் காற்றில் விடும். இரவில் கூரைத் தகடு சட்டென்று குளிரும். 40 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டரில் 51 கிராம் ஆவியைத் தாங்கும், 20 டிகிரிக் காற்று 17 கிராமைத்தான் தாங்கும். மீதி கூரையின் உட்புறத்தில் துளித்துளியாகப் படிந்து, கீழே சொட்டும். கப்பல்காரர்கள் இதைக் கன்டெய்னர் மழை என்கிறார்கள். வெளியே வானம் தெளிவாக இருக்கும், உள்ளே மழை பெய்யும். அடுத்த நாள் வெயில் அந்தத் தண்ணீரை மறுபடி ஆவியாக்கும், அடுத்த இரவு மறுபடி சொட்டும். மேல் பலகைகளில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டிச் சில நாள் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். சவுனாவுக்கு வெளிர் நிற ஆஸ்பென் பலகை வாங்கியவர், கட்டைப் பிரித்ததும் கரும்புள்ளிகளைத்தான் பார்ப்பார்.

கால்சியம் குளோரைடு பைகளைத் தொங்கவிடுவது வழக்கம். அந்த உப்பு காற்றின் ஈரத்தைத் தன் எடைக்கு மேலேயே உறிஞ்சிக் கூழாகிவிடும். அது காற்றிலுள்ள சில கிலோ தண்ணீரைச் சமாளிக்கும். 1,320 கிலோவை அல்ல. ஆகவே என் கருத்தில், பை எத்தனை போட்டோம் என்பதைவிட மரம் எத்தனை சதவீதத்தில் பெட்டிக்குள் போனது என்பதுதான் கேள்வி. சூளையில் ஒழுங்காக உலர்த்தி, ஈரமானியால் அளந்து எழுதி வைத்த தொழிற்சாலை பாதிச் சண்டையை வீட்டிலேயே ஜெயித்துவிட்டது. பிளாஸ்டிக் உறையைக் காற்றுப் புகாமல் சுற்றுவதும் தவறு. மேலிருந்து சொட்டுவதைத் தடுக்க மேலே மூடி, கீழே திறந்து விட வேண்டும். முழுதாக மூடினால் உறைக்குள்ளேயே அதே மழை பெய்யும்.

மரத்தோடு பயணம் செய்வது தண்ணீர் மட்டுமல்ல, உயிர்களும்தான். ஆசியாவின் நீளக்கொம்பு வண்டு 1996இல் நியூயார்க்கின் புரூக்ளினில் கண்டுபிடிக்கப்பட்டது. சரக்குப் பெட்டிகளின் மரத்துக்குள் ஒளிந்து வந்த அந்த வண்டைக் கட்டுப்படுத்த ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகு 2002இல் வந்ததுதான் 'ஐஎஸ்பிஎம் 15' என்ற உலகத் தரம். சரக்கைத் தாங்கும் மரப் பலகைத் தட்டுகளும் முட்டுக்கட்டைகளும், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பம் ஏறி, அந்த வெப்பம் 30 நிமிடம் விடாமல் நிற்கும்படி சூடாக்கப்பட்டிருக்க வேண்டும்; இல்லையென்றால் நச்சுப்புகை போன்ற, தரம் அனுமதிக்கும் வேறு முறையில் சுத்தப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். கோதுமைக் கதிர் முத்திரை அதற்கு அடையாளம். வெப்ப முறையைப் பார்ப்போம். சவுனாவில் 80 டிகிரி காற்று சாதாரணம், அப்படியிருக்க 56 டிகிரி என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். மரம் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும்; எஃகு அதைவிட நானூறு மடங்கு வேகம். 80 டிகிரி அறையில் மர இருக்கை தோலைச் சுடாமல் இருப்பதும், ஒரு கனமான கட்டையின் நடுவே வெப்பம் போய்ச் சேர மணிக்கணக்கில் ஆவதும் ஒரே குணத்தின் இரு விளைவுகள். அதனால்தான் இருப்பதிலேயே கனமான கட்டையில் துளையிட்டு நடுவில் வெப்பமானியைச் செருகி அளக்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது, இந்தத் தரம் சரக்கைக் கட்டும் மரத்துக்குத்தான். சவுனாவின் மரத்துக்கு ஒவ்வொரு நாடும் தனி விதி வைத்திருக்கிறது. அமெரிக்காவின் லேசி சட்டம் 2008இல் திருத்தப்பட்டது முதல், இறக்குமதியாகும் பல மரப் பொருள்களுக்கு மரத்தின் அறிவியல் பெயரையும் வெட்டிய நாட்டையும் எழுதித் தர வேண்டும். ஆஸ்திரேலியா, நாற்றப்பூச்சி ஒன்றுக்குப் பயந்து, செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை சில நாடுகளிலிருந்து கப்பலேறும் குறிப்பிட்ட சரக்குகளை வெப்பத்தாலோ நச்சுப்புகையாலோ சுத்தப்படுத்தச் சொல்கிறது. சுங்கத்தில் முன்தயாரித்த மரக் கட்டடத்துக்கு 9406.10 என்ற எண். பட்டியலில் வெறும் 'பலகை' என்று எழுதிவிட்டால் பெட்டி துறைமுகத்தில் தூங்கும், வாடகை ஏறும்.

கடலின் ஆட்டத்தையும் மறக்கக் கூடாது. சரக்கை அடுக்குவதற்கான சர்வதேச நெறிமுறை, கொந்தளிப்பான கடலில் பக்கவாட்டு விசை சரக்கின் எடையில் 80 சதவீதம் வரை போகலாம் என்று வைத்துக் கட்டச் சொல்கிறது. 700 கிலோ கட்டு ஒன்றை 560 கிலோ விசை பக்கவாட்டில் தள்ளுகிறது என்று கற்பனை செய்தால் கண்ணாடிக் கதவை எங்கே வைப்பது என்பது தானாகவே புரியும்: கட்டின் நடுவில், நிற்கவைத்து.

அடுப்பு மின்சாரத்தில் ஓடுவதானால் இன்னொரு கணக்கு. வெப்பக் கம்பியின் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 240 வோல்ட்டுக்குச் செய்த 6 கிலோவாட் அடுப்பை அமெரிக்கக் கட்டடங்கள் பலவற்றில் உள்ள 208 வோல்ட்டில் மாட்டினால் 4.5 கிலோவாட்தான் தரும். கன மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்பது பொதுவான கணக்கு. நம் அறை சரியாகச் சூடாகாது. அதோடு அந்தந்த நாட்டின் பாதுகாப்புச் சான்றும் வேண்டும். பலர் மரத்தை மட்டும் அனுப்பி, அடுப்பைப் போய்ச்சேரும் நாட்டிலேயே வாங்கச் சொல்வது எனக்கு நியாயமாகவே படுகிறது.

பெட்டி வந்து சேர்ந்ததும் உடனே பூட்டத் தோன்றும். பொறுக்க வேண்டும். கட்டுகளைப் பிரித்து, இடையில் குச்சி வைத்துக் காற்றோட்டமாகச் சில நாள் நிழலில் அடுக்கினால் மேல்பரப்பின் ஈரம் சமனாகும். பூட்டிய பிறகு முதல் சூட்டை யாரும் உள்ளே இல்லாமல், கதவைச் சற்றுத் திறந்துவைத்து ஏற்ற வேண்டும்; அடுப்பின் எண்ணெய்ப் பூச்சு அப்போது எரிந்து போகும். அடுத்தடுத்த முறை மெல்ல மெல்லக் கூட்டலாம். உலர்ந்த ஊராக இருந்தால் மரம் 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்கு இறங்கும் மாதங்களில், அந்தச் சின்ன அறையின் சுவர்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய 40 லிட்டர் தண்ணீர் காற்றோடு போய்விடும். அப்புறம் ஒருநாள் கதவுக்கு மேலே உள்ள மறைப்புப் பலகையைக் கழற்றிப் பார்த்தால், பால்டிக் கரையில் யாரோ அளந்து விட்டிருந்த இடைவெளியில் சுமார் 4 செ.மீ. குறைந்திருக்கும்.