பார்சல்: தமிழில் என்ன சொல்லலாம்?

மதுரையில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் எந்தப் புரோட்டாக் கடை வாசலில் நின்றாலும் "அண்ணே, நாலு பார்சல்" என்கிற குரல் காதில் விழும். கடைக்காரர் தாளை விரித்து, அதன்மேல் வாழை இலையைப் போட்டு, புரோட்டாவை அடுக்கி நாலு பக்கமும் மடக்குவார். மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து சரக்கென்று நூலை இழுத்துக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி அறுத்துவிடுவார். அந்தக் கட்டுக்குத்தான் பார்சல் என்று பேர்.

ஆனால் இந்தச் சொல் பிறந்தபோது கட்டு என்ற பொருளே அதற்கு இல்லை. இலத்தீனில் 'பார்ஸ்' என்றால் பகுதி. அதிலிருந்து 'சிறு பகுதி' என்ற பொருளில் ஒரு சொல் கிளைத்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நிலத்துண்டை ஆங்கிலத்தில் இன்றும் பார்சல் என்பது அந்தப் பழைய பொருளில்தான். சுற்றிக் கட்டி அனுப்பும் பொருளுக்கு அந்தப் பெயர் பிறகு வந்தது. சாப்பாட்டைக் கட்டி எடுத்துப்போவதைப் பார்சல் என்பது நம் நாட்டுப் பழக்கம். இங்கிலாந்தில் அதற்கு 'டேக்அவே', அமெரிக்காவில் 'டு கோ'. அங்கே போய்ப் பார்சல் என்றால் தபாலில் வருவதைத்தான் நினைப்பார்கள்.

சரி, தமிழில்? ஒரே சொல்லைத் தேடினால் சிக்கல்தான், ஏனென்றால் நம்மிடம் அளவுக்கும் பொருளுக்கும் தக்கபடி தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. கையில் அடங்குவது பொட்டலம்: கடலைப் பொட்டலம், திருநீற்றுப் பொட்டலம். மாட்டுத்தாவணியில் மல்லிகை வாங்கினால் இலையில் மடித்துத் தருவதும் பொட்டலம்தான். வணிகச் சரக்கு என்றால் சிப்பம். கீழமாசி வீதிப் பக்கம் அரிசிக் கடையில் 'ஒரு சிப்பம்' என்று கேட்டுப் பாருங்கள், யாரும் விழிக்க மாட்டார்கள். தபாலில், ரயிலில் போவதற்கும் சிப்பம் நன்றாகப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

சாப்பாட்டுக்கு என்றே நம்மிடம் இருப்பது பொதிசோறு, கட்டுச்சோறு. பசியோடு நடந்துவந்த அப்பருக்குத் திருப்பைஞ்ஞீலி வழியில் சிவபெருமான் பொதிசோறு கொடுத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. பொதிதல் என்றால் உள்ளே வைத்து மூடுதல். இலைக்குள் சோற்றை மூடிவைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. இது இப்போது பேச்சில் குறைந்துபோனது வருத்தம்தான்.

எங்கள் அப்பத்தா கடைசிவரை பார்சல் என்று சொன்னதே இல்லை. அழகர் கோயிலுக்குக் கிளம்பும் விடியலில், "புளிச்சோத்தக் கட்டியாச்சா?" என்றுதான் கேட்கும். யோசித்துப் பார்த்தால், கடையிலும் அந்த வினைச்சொல் இன்னும் இருக்கிறது. "சாப்பிடவா, கட்டவா?" என்று கடைக்காரரே கேட்கிறார். "நாலு புரோட்டா கட்டுங்கண்ணே" என்றால் போதும், சால்னாவையும் சேர்த்தே கட்டிவிடுவார்.