இயக்குநீர்க் குலைப்பி

நொய்யல் கரையில் நின்றால் நம் ஆட்கள் முதலில் பார்ப்பது தண்ணீரின் நிறத்தைத்தான். ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணி தேங்கியதைக் கண்டு பழகிய கண்கள். "தெளிவாத்தானுங்க இருக்குது" என்றால் பேச்சு முடிந்தது. தெளிந்த தண்ணீரிலும் கலந்திருந்து, உடலின் ஹார்மோன் ஒழுங்கைக் கலைக்கக்கூடிய வேதிப்பொருளின் பெயர்தான் எண்டோகிரைன் டிஸ்ரப்டர்.

'எண்டோ' என்றால் கிரேக்கத்தில் உள்ளே. 'கிரைன்' என்பது பிரிப்பது, சுரப்பது. குழாய் இல்லாமல் நேராக இரத்தத்தில் சுரப்பதால் பள்ளியில் 'நாளமில்லாச் சுரப்பி' என்று படித்தோம். இலங்கைத் தமிழரின் 'அகஞ்சுரக்கும் சுரப்பி' மூலத்துக்கு இன்னும் நெருக்கம். அந்தச் சுரப்பிகள் சுரப்பதற்கு ஹார்மோன் என்ற பெயரை 1905இல் வழங்கியவர் ஆங்கிலேய உடலியலாளர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். அதன் வேருக்குத் தூண்டி இயக்குவது என்று பொருள். 'இயக்குநீர்' என்று தமிழில் சொன்னவர் யாரோ, அருமையாகப் பிடித்திருக்கிறார். டிஸ்ரப்டர் இதனுடன் சேர்ந்தது 1991இல், அமெரிக்காவில் விங்ஸ்பிரெட் என்ற இடத்தில் அறிவியலாளர்கள் கூடியபோது.

சரி, டிஸ்ரப்டருக்கு என்ன சொல்வது? 'நச்சு' என்றால் கொல்வது என்றே மனம் எண்ணும். இது உடல் தனக்குத்தானே அனுப்பும் சேதியைப் போல நடித்து ஒழுங்கைக் கலைப்பது. நிலைகுலைவு, சீர்குலைவு என்று நாம் அன்றாடம் சொல்லும் 'குலை'தான் இதற்குச் சரி. பூச்சிக்கொல்லி, வினையூக்கி போல, இயக்குநீர்க் குலைப்பி.

கருத்தடை மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் (பெண்மை இயக்குநீர்) மருந்தின்மேல் கல்லீரல் ஒரு துணுக்கை ஒட்டி, வேலை செய்யவிடாமல் ஆக்கித்தான் சிறுநீரில் அனுப்புகிறது. சாக்கடையிலுள்ள பாக்டீரியா அந்தத் துணுக்கைக் கழற்றிவிட, மருந்து பழையபடி உயிர்பெறுகிறது. துணி அலசப் பயன்பட்ட நோனைல்பினால் எதாக்சிலேட் கதையும் இப்படித்தான்: சுத்திகரிப்புத் தொட்டியில் அது பாதி சிதைந்து நோனைல்பினால் ஆகும்போதுதான் ஈஸ்ட்ரோஜன் வேடம் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. மலத்தையும் உணவுக் கழிவையும் தின்னப் பழகிய நுண்ணுயிர்த் தொட்டி அது, இவற்றுக்காகக் கட்டியதல்ல.

அளவு எவ்வளவு என்கிறீர்களா? கனடாவில் 260ஆம் எண் ஆய்வு ஏரியில் 2001 முதல் 2003 வரை, லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் அந்த மாத்திரை மருந்தைக் கலந்தார்கள். பெண் மீன்களுக்கே உரிய முட்டைப் புரதம் ஆண் மீன்களின் உடலில் உண்டானது. ஃபேட்ஹெட் மின்னோ என்னும் சிறுமீன் அங்கே அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. நம் ஊர்க் கணக்கில், நாளுக்கு 7 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள கோவை உக்கடம் நிலையத்தின் இரண்டு வாரத் தண்ணீருக்கு ஐந்தாறு கிராம், ஒரு தேக்கரண்டி சர்க்கரை எடை.