கச்சத்தீவுத் திருவிழா: பாஸ்போர்ட் வேண்டாம், பட்டியலில் பெயர் வேண்டும்

ராமேஸ்வரம் துறைமுகத்தில், கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் படகு கிளம்புகிற ஒரு காலையில் ஓர் அம்மா அழுதுகொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மகனுக்காக நேர்ந்துகொண்டு, பேரனுக்கு முடி எடுக்கக் கிளம்பியவர். அவருடைய ஆதாரில் கணவர் பெயர் இருந்தது, படகில் போகிறவர்கள் பட்டியலில் அப்பா பெயர் ஏறியிருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "அடுத்த வருஷம் வாங்கம்மா" என்று சொல்லிவிட்டார். இதற்கு அந்த அம்மா என்ன தப்பு செய்தார்?

அவருக்கு அங்கே போக உரிமை உண்டு. 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்டது. 285 ஏக்கர் தீவு. குடியிருப்பு இல்லை, குடிதண்ணீர் இல்லை, இருப்பது அந்தோணியார் கோயில்தான். ஒப்பந்தத்தின் 5-ஆவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே தீவுக்குப் போய் வரலாம், அதற்கு இலங்கை பயண ஆவணமோ விசாவோ கேட்காது என்கிறது. அதனால் இதற்கென்று பாஸ்போர்ட் எடுக்க யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

ஆனால் அந்த வரியைக் கவனமாகப் படியுங்கள். கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தது இலங்கை. நம் கரையில் இருக்கிற அலுவலகங்கள் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. மக்கள் அலைவதெல்லாம் அந்த இடைவெளியில்தான்.

திருவிழா பிப்ரவரி அல்லது மார்ச்சில், ஒரு வெள்ளியும் சனியும் நடக்கும். நினைத்த நாளில் படகெடுத்துப் போக முடியாது. விண்ணப்பப் படிவம் ராமேஸ்வரம் வேர்க்கோடு பங்கு ஆலயம் வழியாகத்தான் வரும், சில வாரம் முன்பே முடிந்தும் விடும். தேதி செய்தித்தாளில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பொங்கல் கழிந்ததுமே ஆலய அலுவலகத்தில் போய்க் கேட்டு வையுங்கள். வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். "நேராக வந்துவிடுங்கள், படகில் ஏற்றிவிடுகிறேன்" என்று யாராவது போனில் சொன்னால் முன்பணம் கொடுக்காதீர்கள். பட்டியலில் பெயர் ஏறாத ஆளைப் படகுக்காரர் நினைத்தாலும் ஏற்ற முடியாது.

படிவத்தில் பெயரை ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். ஊரில் கூப்பிடுகிற பெயர், ஞானஸ்நானப் பெயர் எதுவும் வேண்டாம். இனிஷியல் முன்னால் இருந்தால் முன்னால், பின்னால் இருந்தால் பின்னால். ஆதாரிலேயே தப்பு இருந்தால் அதை டிசம்பருக்குள் திருத்திவிடுங்கள், கடைசி வாரத்தில் நடக்கிற வேலை இல்லை அது. கொடுத்த படிவத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டச்சு செய்தவர் தப்புவிட்டால் உங்கள் பக்கம் பேச அந்த ஒரு தாள்தான் இருக்கும். பட்டியல் வந்ததும் உங்கள் பெயர் எப்படி ஏறியிருக்கிறது என்று நீங்களே கண்ணால் பாருங்கள். "அதெல்லாம் சரியா இருக்கும், போங்க" என்று சொன்னால் போய்விடாதீர்கள்.

அடுத்த முட்டுக்கட்டை காவல் நிலையச் சான்று. வழக்கு எதுவும் இல்லை என்று எழுதி வாங்கி வரச் சொல்வார்கள். மீனவர் ஊர்களில் இது பெரிய அநியாயம். இலங்கையில் கைதான மீனவர்களை விடுவிக்கச் சொல்லி மறியலில் உட்கார்ந்தவர் மீது வழக்கு இருக்கும், அது முடிந்ததா இல்லையா என்று அவருக்கே தெரியாது. முன்கூட்டியே விசாரித்து, முடிந்த வழக்கென்றால் நீதிமன்ற உத்தரவின் நகலை வாங்கி வையுங்கள். எழுத்தர் இல்லை, ஆய்வாளர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார் என்று குறைந்தது இரண்டு நடையாவது ஆகும். அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு அது இரண்டு நாள் சம்பளம். அப்புறம், சோதனையில் சுங்கத்துறையும் இருக்கும். சோப்பு, துணி என்று விற்கிற அளவுக்குக் கட்டிக்கொண்டு போனால் உங்களோடு படகும் தாமதமாகும். குடிதண்ணீர் எடுத்துப் போங்கள், போன படகிலேயே திரும்புங்கள்.

இனி மீன்பிடிக்கிறவர்களுக்கு. 5-ஆவது பிரிவில் 'மீனவர்கள்' என்ற சொல்லும் இருக்கிறதே என்று நம்பி வலை விட்டு மாட்டியவர்கள் நம்மிடையே நிறைய. அந்தப் பிரிவு தீவுக்குப் போய் வருவதைப் பற்றியது. பாரம்பரிய உரிமைகள் எல்லாம் காப்பாற்றப்பட்டன என்று 1974-இல் வெளியுறவு அமைச்சராக இருந்த ஸ்வரண் சிங் நாடாளுமன்றத்தில் சொன்னது உண்மைதான். ஆனால் 1976 மார்ச்சில் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் பரிமாறிக்கொண்ட கடிதம், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் வெளிப்படையான அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்கிறது. இலங்கை நீதிமன்றத்தில் போய் 1974 ஒப்பந்தத்தைக் காட்டி யாரும் வெளியே வந்துவிட முடியாது. இரு நாட்டுக் கடல் எல்லைக்கோடு தீவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு மைல் தள்ளித்தான் போகிறது. தீவு கண்ணுக்குப் பக்கத்தில் தெரிகிறதென்றால் ஜிபிஎஸ்ஸைப் பாருங்கள்.

இலங்கைக் கடற்படையிடம் முதல் முறை பிடிபட்டு ஒத்திவைக்கப்பட்ட தண்டனையோடு வந்தவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 'விடுதலை' என்று செய்தியில் போடுவதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். இரண்டாம் முறை பிடிபட்டால் நேரே சிறைதான். 2024-இல் அப்படிச் சிறைத் தண்டனை விழுந்த கோபத்தில்தான் ராமேஸ்வரத்திலிருந்து திருவிழாவுக்கே படகு போகவில்லை.

படகு பிடிபட்டால், அதை மீட்க உரிமையாளரே ஆவணங்களோடு இலங்கை நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். அதற்கு மட்டும் பாஸ்போர்ட் வேண்டும். வராவிட்டால் படகு அரசுடைமை. நம் ஊரில் பாதிப் படகு கைமாறியும் பதிவு பழைய ஆள் பெயரிலேயே கிடக்கிறது. அவர் வெளிநாட்டில் இருப்பார், அல்லது இறந்துபோயிருப்பார். படகு வாங்கியிருந்தால் வருகிற மீன்பிடித் தடைக்காலத்துக்குள் மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போய்ப் பெயரை மாற்றிவிடுங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எழுந்து வராதீர்கள்.